பத்தே நிமிஷம் கேபிள்காரரு

அட போம்மா வசந்தா! அவரப் போயி பொய்க்காரருன்னு சொல்றியே, உனக்கே நாயமா இருக்குதா? இந்த ஒலகத்துலயே பொய் பேசாத மனுஷன் ஒருத்தரு இருக்காருன்னா அது நம்ம கேபிள்காரருதான். "பத்தே நிமிஷம்"னு சொல்றாரு பாரு, அத மட்டும் கணக்குல சேக்காத. அது பொய்யில்ல. அது அவருக்கு இருமல் மாதிரி. தானா வந்துடும்.

காத்தால படம் போச்சி, பத்தே நிமிஷம்னாரு, இப்ப சாப்பாட்டு நேரமே தாண்டிடுச்சின்ற. இன்னும் பொழுது சாயலயே! அதுக்குள்ள மொகத்த இப்படி தூக்கி வெச்சிக்கினு நிக்கிற. நீ சேலத்துலேருந்து இந்த ப்ளாக்குக்கு குடி வந்து ஒரு மாசம் கூட ஆவல, அதான் உனக்குத் தெரியல. இப்படி ஒக்காரு. அந்த முருங்கக்கீரைய இங்க குடு, உருவிக்கினே சொல்றேன். கொழாயில தண்ணி வர்ற வரைக்கும் எனக்கும் வேலையில்ல.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்க. அவரு உன்னையப் பாத்து சொல்லியிருக்க மாட்டாரு. மேல பாத்துக்கினு சொல்லியிருப்பாரு. சரியா? ஆங், அதான். அவரு கழுத்து மேலயேதான் நிக்கும். கம்பிய பாத்து பாத்து அப்படியே ஆயிடுச்சி. தெருவுல நடந்து வந்தாருன்னா கண்ணு வேப்ப மரத்து மேல இருக்கும், காலு சாணியில இருக்கும். மனுஷாள மொகத்த வெச்சி அவருக்குத் தெரியாது, மொட்ட மாடிய வெச்சித்தான் தெரியும். நான் வந்து வடாம் மாடி. எதிர் வூட்டு ரிட்டயர்டு போர்மேன் வந்து ஒடஞ்ச தொட்டி மாடி. நீ இன்னும் மாடியில ஒண்ணும் போடலயே, அப்ப நீ அவருக்கு ஆளே இல்ல.

ஒரு தபா மந்தாரக்குப்பம் கடத்தெருவுல எதிர்ல வராரு. "என்னாப்பா கேபிள்காரரே"ன்னு நான் கூப்புடறேன். மனுஷன் நிக்கிறாரு, என் தல மேல எதையோ தேடுறாரு. மாடிய தேடுறாரு! அங்க ஏது மாடி? ஆகாசந்தான் இருக்குது. அப்பறம் நான்தாம்பா வடாம்னு சொன்னேன். "அட ஆயாவா! வூடு இல்லாம வந்தா எப்படி ஆயா கண்டுபுடிக்கறது?"ன்றாரு.

பேரு கேக்கறியா? யாருக்குத் தெரியும்? எனக்கு படிப்பு இல்ல, ஆனா படிச்சவங்களுக்கும் தெரியாது. அவரு பொண்டாட்டி செல்விக்குத் தெரியும், அவ சொல்ல மாட்டா. அந்தக் காலத்துப் பொண்ணு, புருஷன் பேர வாயில எடுக்காது. டூரு போறப்ப டிக்கெட்டு போடறதுக்கு நம்ம ப்ளாக்கு ராஜி போயி கேட்டா. "அவரு பேரு என்னா செல்வி?" இது வெக்கப்பட்டுக்கினு, "மயிலு மேல வருமே, அந்த சாமி"ன்னுச்சி. ராஜியும் முருகன்னு எழுதிக்கினா. அது இல்லியாம். வேலுன்னு எழுதுனா. அதுவும் இல்லியாம். அந்த சாமிக்குத்தான் ஊருக்கு ஒரு பேராச்சே! கடைசியில அவரோட ஆதார் அட்டைய வாங்கிப் பாத்து எழுதுனா. என்னா பேருன்னு நான் கேக்கல. கேட்டு என்னா பண்றது? கேபிள்காரரு கேபிள்காரருதான்.

டூரு கதைக்கு அப்பால வரேன். அதுக்கு முன்னால அவரு தெறமைய கேளு.

அந்த போர்மேன் இருக்காரே, அவருக்கு கிரிக்கெட்டுன்னா உசுரு. ஒரு நாளு கடைசி ஓவரு, இன்னும் ரெண்டு பந்துதான், படம் பொசுக்குன்னு போயிடுச்சி. மனுஷன் லுங்கிய தூக்கிக் கட்டிக்கினு தெருவுக்கு வந்துட்டாரு. "யோவ் கேபிளு! வாய்யா கீழ! இன்னிக்கு நீயா நானா!" இவரு புங்க மரத்து மேல ஒக்காந்துக்கினு வாயில ஒயர கடிச்சிக்கினு, "பத்தே நிமிஷம் சார், அணிலு கடிச்சிடுச்சி"ன்றாரு. போர்மேன் குதிக்கிறாரு. இவரு மரத்துலேருந்தே பக்கத்து ப்ளாக்கு மாடியில யாரையோ கூப்புட்டு விசாரிச்சிட்டு, "சார்! நாம ஜெயிச்சிட்டோம் சார்!"னாரு. போர்மேன் மொகத்துல பல்லு தெரிஞ்சிது. ஒடனே இவரு, "ஜெயிச்சாச்சி, அப்பறம் எதுக்கு சார் படம்?"னு மரத்துலேருந்து எறங்கி சைக்கிள எடுத்துக்கினு போயிட்டாரு! போர்மேன் வாய தொறந்தவருதான், மூடவே இல்ல.

பொம்பளைங்களுக்கு அவரு செஞ்சது அதுக்கும் மேல. சீரியல்ல மாமியாக்காரி பாலுல வெஷத்த கலந்துட்டா. மருமவ டம்ளர கையில எடுத்துட்டா. படம் போச்சி. தெரு பூரா பொம்பளைங்க வாசல்ல வந்து நிக்கிறோம், என்னமோ நம்ம பொண்ணே குடிக்கப் போற மாதிரி ஆளாளுக்கு கத்தறோம். இவரு பாத்தாரு. பின்னால தெருவுல படம் வருது, அங்க ஓடிப் போயி ஒரு வூட்டு சன்னல் கிட்ட நின்னு பாத்துட்டு ஓடியாந்தாரு. ஏணி மேல ஏறி நின்னுக்கினு, "டம்ளர எடுத்துட்டா... வாய் கிட்ட கொண்டு போறா... கதவு தட்டுற சத்தம்... இருங்க"ன்னுட்டு மறுபடி ஓடுனாரு. மறுபடி வந்தாரு. "நாத்தனாரு வந்துட்டா! டம்ளர புடுங்கிக்கினா!" மாமியா மாதிரி கண்ண உருட்டுறாரு, மருமவ மாதிரி மூக்க உறிஞ்சுறாரு. நடுவுல வெளம்பரம் வந்துதுல்ல, அந்த சோப்பு வெளம்பரத்தையும் பாடிக் காட்டுனாரு. சத்தியமா சொல்றேன் வசந்தா, டிவியில கூட அந்த மாமியா அவ்ளோ நல்லா பண்ணல. அதுக்கப்பறம் ஒரு வாரம், "ஏம்பா, இன்னிக்கு படம் போவாதா?"ன்னு நாங்களே கேட்டுக்கினு திரிஞ்சோம்.

எங்க வூட்டுக்காரரு படுக்கையில கெடந்தப்ப... நெலக்கரி மைன்ஸுல ஷிப்டு ஷிப்டா ஒழச்ச ஒடம்பு, கடைசியில எழுந்து நிக்க முடியல. ஹால்ல இருக்கற டிவி அவருக்குத் தெரியாது. கேபிள்காரரு யாரும் சொல்லாமயே ஒரு பழைய டிவி பொட்டிய தூக்கிக்கினு வந்து கட்டிலுக்கு நேரா வெச்சி ஒயரு இழுத்து குடுத்தாரு. இழுத்துட்டுப் போவ வேண்டியதுதானே? "ஒரு பத்து நிமிஷம் ஒக்காந்துட்டுப் போறேன் ஆயா"ன்னு ஒக்காந்தாரு. பொழுது போயிடுச்சி. ரெண்டு பேரும் டிவிய பாக்கவே இல்ல, எந்த மரத்துல எத்தினி பொந்துன்னு பேசிக்கினு கெடந்தாங்க. அதுலேருந்து தெனமும் எங்க வூட்டுல படம் போச்சி. நல்ல படந்தான். எங்க வூட்டுக்காரருதான் படுத்துக்கினே கையால ஒயர தட்டி வுட்டுட்டு, "கேபிள்காரர கூப்புடு"ன்னு சொல்லுவாரு.

சரி, அத வுடு. கீரையில காம்பு ரொம்ப இருக்குது பாரு.

இப்ப செல்வி கதைக்கு வரேன். இது என்னா பாவம் பண்ணுச்சோ, கல்யாணம் ஆன நாளுலேருந்து போனுதான் அதுக்கு தாலி. இவரு மரத்து மேல இருப்பாரு, போன எடுக்க மாட்டாரு. திட்டு பூரா செல்வி காதுக்குத்தான். காத்தால கண்ணு முழிக்கறதுக்குள்ள, "படம் தெரியல." சோத்துல கைய வெச்சா, "படம் தெரியல." பொங்கலுக்கு பானை பொங்குது, நாம எல்லாம் பொங்கலோ பொங்கல்னு கத்தறோம், அந்தப் பக்கத்துலேருந்து, "பொங்கலு இருக்கட்டும்மா, படம் தெரியல!" ஆனா அது ஒரு நாளும் எரிஞ்சி வுழுந்தது கெடையாது. "அனுப்பறேங்க, அனுப்பறேங்க"ன்னு அந்த ஒரே வார்த்த.

அவங்க வூட்டு முன் ரூம்புலதான் பொட்டிங்க எல்லாம் அடுக்கியிருக்கும். அதுல ஒரு டிவியில எப்பவும் ஒரு வெளிநாட்டு சேனலு ஓடிக்கினு இருக்கும், படம் சுத்தமா வருதான்னு பாக்கறதுக்கு. அதுல ஒரே ஐஸ் மலைதான். அந்த மலைக்கும் இந்த மலைக்கும் ஒரு கம்பி. கம்பியில கண்ணாடிக் கூண்டு கூண்டா தொங்கிக்கினு போவும். உள்ள ஆளுங்க ஒக்காந்துக்கினு கைய ஆட்டுவாங்க. மேல போயி எறங்கி காலுல பலகைய கட்டிக்கினு சர்ருன்னு வழுக்கிக்கினு வருவாங்க. செல்வி ஒரு காதுல திட்டு வாங்கிக்கினே கண்ணால அதையே பாத்துக்கினு இருக்கும்.

கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாளு இது ஆசையா, "ஏங்க, அந்த மாதிரி கம்பியில என்னைய ஒரு தபா கூட்டிக்கினு போறீங்களா?"ன்னு கேட்டுச்சாம். இவரு கம்பிய சீவிக்கினே என்னா சொன்னாரு தெரியுமா?

அதேதான். "பத்தே நிமிஷம் செல்வி."

அவங்க பொண்ணு பொறந்து, வளந்து, குறிஞ்சிப்பாடியில கட்டிக் குடுத்து, அதுக்கே ரெண்டு புள்ளைங்க ஆயிடுச்சி. அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியல.

அப்பத்தான் ராஜி டூரு கெளப்புனா. பஜனை கோஷ்டியோட காஷ்மீரு. கோயிலெல்லாம் பாத்துட்டு, கடைசியா ஒரு ஐஸ் மலை. அந்த ஊரு பேரு என் வாயில நொழையல, வுடு. ராஜி என் கிட்ட வந்து சொல்றா: "ஆயா, அங்க மலைக்கு நடக்கவே வேணாம். கேபிள் கார்ல ஏறி போயிடலாம்."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சி. "என்னாது? கேபிள்காரரு மேல ஏறியா?"

"ஆமா ஆயா, கேபிள் கார் மேலதான் எல்லாரும் போவாங்க."

"எல்லாருமா? ஒரே ஆளா தாங்குவாரு?"

"ஒரு தபாக்கு ஆறு பேரு தாங்கும் ஆயா!"

இது என்னாடா அநியாயமா இருக்குது! தேஞ்ச மனுஷன், ஏணிய தூக்கவே மூச்சு வாங்குவாரு, அவரு முதுவுல ஆறு பேரான்னு எனக்கு மனசே கேக்கல. நேரா அவங்க வூட்டுக்கு போயிட்டேன். அவரு வாசல்ல ஒயரு சுத்திக்கினு இருந்தாரு. "ஏம்பா கேபிள்காரரே, உன் மேல ஏறித்தான் மலைக்குப் போவணுமாமே! ஆறு ஆறு பேரா ஏத்தப் போறியாமே! ஒடம்பு தாங்குமாப்பா?"

அவரு மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. "எந்த மலை ஆயா?"

"அதாம்பா, காஷ்மீரு ஐஸ் மலை. கேபிள்காரரு மேல ஏறி போறோம்னு ராஜி சொல்லுதே!"

அவரு சிரிக்கறதுக்குள்ள உள்ளேருந்து செல்வி கரண்டியோட ஓடியாந்துச்சி. "ஆயா! ஐஸ் மலையா? கம்பியில தொங்கிக்கினு போவுமே, கூண்டு, அதா? அது நம்ம நாட்டுலயே இருக்குதா? டூரு போறாங்களா?" கரண்டியிலேருந்து சாம்பாரு சொட்டுது, அதுக்குத் தெரியல. கண்ணு ரெண்டும் வெளக்கு மாதிரி எரியுது.

அப்பறமாத்தான் எனக்கு வெளங்கிச்சி, கார் வேற காரரு வேறன்னு. ஆனா வார்த்தை வுட்டாச்சே! செல்வி அவர பாத்துச்சி. அவரு மரத்த பாத்துக்கினு பழக்க தோஷத்துல வாய தொறந்துட்டாரு: "பத்தே நிமி..."

முடிக்கல. ஒரு நாளும் கோவப்படாத பொண்ணு, கரண்டிய அப்படியே கீழ போட்டுச்சி. "யோவ்! இன்னொரு தபா அந்த வார்த்தைய சொன்ன, இன்னியோட நான் போன எடுக்க மாட்டேன்!"

ஒரு தெருவே பயந்துடுச்சி வசந்தா. செல்வி போன எடுக்கலன்னா ப்ளாக்கு என்னா ஆவறது? போர்மேனே வந்து, "போயிட்டு வாய்யா, படம் இல்லாட்டியும் பரவால்ல"ன்னு கெஞ்சுனாரு. அந்த போர்மேனும் டூருக்கு பேரு குடுத்தாரு, அது வேற.

ரயிலு, பஸ்ஸுன்னு போய்க்கினே இருந்தோம். அவரு வழி பூரா சன்னல்ல தலைய வுட்டுக்கினு கரண்டு கம்பிய பாத்துக்கினே வந்தாரு. செல்வி யாருக்கும் தெரியாம சிரிச்சிக்கினே வந்துச்சி. நான் பண்ருட்டி முந்திரி ஒரு பை கட்டிக்கினு போனேன், ஊரு ஊரா யார பாத்தாலும் ஒரு பிடி குடுத்துடுவேன், பாஷை தேவையே இல்ல.

அந்த மலை அடிவாரத்துல எறங்குனோம். குளுருன்னா குளுரு, பல்லு ஆடுது. எல்லாருக்கும் கொரங்கு குல்லா, வாடகைக்கு ரப்பரு பூட்ஸு, புடவைய முழங்காலு வரைக்கும் தூக்கி சொருவிக்கினு நான் நிக்கிற கோலத்த பாத்தா எங்க வூட்டுக்காரரு மேலோகத்துலேருந்து சிரிச்சிருப்பாரு. நிமிந்து பாத்தா, கம்பி! டிவியில பாத்த அதே கூண்டுங்க. ஒண்ணு போவுது ஒண்ணு வருது, நிக்கறதே இல்ல. நம்ம மைன்ஸுல பெல்ட்டு மேல நெலக்கரி போவுமே, அந்த மாதிரி மனுஷாள ஏத்தி அனுப்பிக்கினே இருக்கான்.

செல்வி பூட்ஸ மாட்டிக்கினு மொத ஆளா வரிசையில நிக்குது. திரும்பிப் பாத்தா அவர காணும்.

ஒரு தூணு பின்னால நிக்கிறாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சி. மொட்ட மாடி கைப்புடி செவுத்து மேல ஒயர வாயில கடிச்சிக்கினு தெரு வேடிக்க பாத்துக்கினு நடக்கற மனுஷன்!

"என்னாப்பா, ஒசரம்னா பயமா உனக்கு?"

"ஒசரம் இல்ல ஆயா. ஜாயிண்ட்டு."

"என்னா ஜாயிண்ட்டு?"

"ஒலகத்துல எந்தக் கம்பியா இருந்தாலும் அத இழுத்துக் கட்டுனவன் என்னைய மாதிரி ஒருத்தன்தானே ஆயா? என் ஜாயிண்ட்டு எப்படின்னு எனக்குத் தெரியாதா?"

தூத்தல் போட்டா புட்டுக்கற ஜாயிண்ட்டுதானே அவரு ஜாயிண்ட்டு! போர்மேன் அத கேட்டுட்டு அவரும் ரெண்டடி பின்னால வந்துட்டாரு.

அங்க நின்ன ஆபரேட்டரு கிட்ட இவரு போயி கேக்கறாரு. பாஷை தெரியாது. ரெண்டு வெரல சேத்து வெச்சி, ஜாயிண்ட்டாம், இன்னொரு கையால சுத்தி சுத்தி காட்டுறாரு, டேப்பு ஒட்டியிருக்கான்னு. அந்தப் புள்ள பாத்துச்சி, உள்ள ஓடுச்சி, ஒரு துணிய கொண்டாந்து இவரு வெரல புடிச்சி நல்லா கட்டு போட்டு வுட்டுடுச்சி! அடிபட்டுடுச்சின்னு நெனச்சிக்கிச்சி, பாவம், நல்ல புள்ள. அதுக்கும் ஒரு பிடி முந்திரி குடுத்தேன். கட்டு போட்ட வெரலோட இவரு திரும்பி வந்து, "வேணாம் ஆயா, நீங்க போங்க. நான் இங்கயே நிக்கிறேன்"ன்றாரு.

செல்வி வரிசையவுட்டு வெளிய வந்துச்சி. அங்க இருந்த பெஞ்சியில ஒக்காந்துச்சி. ஒரு காலு பூட்ஸ கழட்டுச்சி.

"பரவால்லீங்க. கீழேருந்தே நல்லாத்தான் தெரியுது. இதுவும் டிவி மாதிரிதானே."

அது "பரவால்ல"ன்ற மாதிரியா சொல்லுச்சி? இத்தினி வருஷமா போனுல "அனுப்பறேங்க"ன்னு சொல்லுமே, அதே கொரலு. இன்னொரு காலு பூட்ஸுலயும் கைய வெச்சிடுச்சி. அது கழண்டா ஆச்சி, அதோட ஆசையும் கழண்டு போச்சி. மறுநாளு விடிஞ்சா எங்களுக்கு ரயிலு.

அப்பத்தான் அது நடந்துச்சி. கேபிள்காரருக்கு அன்னிக்கு மேல பாக்க பயம். கம்பிய பாத்தா தல சுத்துது. வேற வழியில்லாம மனுஷன் வாழ்க்கையிலயே மொத தபாவா நேரா பாத்தாரு. நேரா யாரு இருக்கா? செல்வி. பாத்தாரு. பாத்துக்கினே நின்னாரு. அந்தக் குல்லாவுக்குள்ள அது மூஞ்சி இவ்ளோண்டு, மூக்கு செவந்து போயி.

கிட்ட போயி குந்துனாரு. கழட்டுன பூட்ஸ எடுத்தாரு. கட்டு போட்ட வெரலால அது காலுல மாட்டி வுட்டாரு. "எழுந்துரு செல்வி"ன்னாரு. பத்து நிமிஷம்னு சொல்லல. கவனிச்சியா? சொல்லல.

கூண்டு நிக்காது, ஊர்ந்துக்கினு போறப்பவே ஏறணும். எனக்கா பயம்? கூட்டத்துல பண்ருட்டி பஸ்ஸுல ஏறி எறங்குன ஒடம்பு! மொத ஆளா தாவி ஏறி எல்லாருக்கும் துண்டு போட்டு எடம் புடிச்சிட்டேன். செல்வி, ராஜி, போர்மேன், அப்பறம் அவரு. கண்ண இறுக்கி மூடிக்கினு ஒரு கையில செல்வி கைய புடிச்சிக்கினாரு, இன்னொரு கையில என் கைய. என் கை எலும்பு கரகரன்னுச்சி.

மேல போவப் போவ... அத எப்படி சொல்லுவேன்! மரமெல்லாம் வெள்ளையா மாவு கொட்டி வெச்ச மாதிரி. சத்தமே இல்ல. நம்ம ஊர்ல மண்ண தோண்டி கறுப்பா கொட்டி வெச்ச மலையத்தான் பாத்திருக்கேன். இது வெள்ளை மலை. கீழ பசங்க பலகைய கட்டிக்கினு எறும்பு மாதிரி வழுக்கிக்கினு போறாங்க. செல்வி கண்ணாடியில மூக்க ஒட்டிக்கினு, "ஏங்க பாருங்களேன், ஏங்க பாருங்களேன்"னுது. அவரு எங்க பாக்கறது? கந்தர் சஷ்டி சொல்லிக்கினு இருக்காரு.

நட்ட நடுவுல, கீழ கிடு கிடு பள்ளம், கூண்டு நின்னுடுச்சி.

நின்னுது மட்டுமில்ல, காத்துல தூளி மாதிரி ஆடுது. ராஜி சாமி பேர சொல்லி அழுவுறா. அந்த போர்மேன், கோயிலு கோபுரம் ஒசரத்துக்கு மெஷினு ஓடுற மைன்ஸுல ஆள வெரட்டி வேல வாங்குன மனுஷன், எழுந்து நின்னு, வேர்த்து, என்னா பண்றோம்னு தெரியாம, வருஷக்கணக்கா பழகுன வாயி, கத்திட்டாரு பாரு:

"யோவ் கேபிளு! என்னாய்யா ஆச்சி!"

இவரு கண்ண மூடிக்கினே, அவருக்கும் பழகுன வாயிதானே, டக்குன்னு சொன்னாரு:

"பத்தே நிமிஷம் சார்! வந்துடும்!"

செல்விதான் மொதல்ல ஆரம்பிச்சிது. சிரிப்பு! வயித்த புடிச்சிக்கினு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிப்பு. அத பாத்து நான். என்னைய பாத்து ராஜி, அழுதுக்கினே சிரிக்கிறா. போர்மேன் கூட "அணிலு கடிச்சிடுச்சாய்யா?"ன்னு கேட்டுட்டு குலுங்கிக் குலுங்கி சிரிக்கிறாரு. நாங்க சிரிச்ச சிரிப்புல கூண்டு இன்னும் ஆடுது, எவனுக்கு பயம்? இவரு ஒரு கண்ண தொறந்தாரு, என்னாடா சிரிப்புன்னு. அப்பறம் இன்னொரு கண்ணு.

கூண்டு ஒரு குலுக்கு குலுக்கி கெளம்பிடுச்சி.

"யோவ், உன் ஆயுசுல மொத தபாவா சொன்ன நேரத்துக்குள்ள வந்துடுச்சிய்யா!"ன்னு போர்மேன் அவர கட்டிப் புடிச்சிக்கினாரு. அந்தக் கிரிக்கெட்டு கோவமெல்லாம் அந்தப் பள்ளத்துல வுழுந்துடுச்சி.

மேல போயி எறங்குனோம். ஐஸ் மழ கொட்டிக்கினு இருக்குது. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே வெள்ளை, கண்ணு முன்னால புள்ளி புள்ளியா கொட்டுது. கேபிள்காரரு ரெண்டு காலயும் ஊனி நின்னாரு. சுத்தி ஒரு தபா பாத்தாரு. என்னா சொன்னாரு தெரியுமா? "ஐயய்யோ ஆயா! சிக்னலு போயிடுச்சி!"

நான் அப்படியே ஐஸுல ஒக்காந்துட்டேன் சிரிச்சி.

செல்வி மட்டும் ரவ தூரம் தள்ளிப் போயி நின்னுச்சி. இடுப்புலேருந்து அந்தப் போன எடுத்துச்சி. பாத்துச்சி. நம்ம ஊரு சிம்மு அங்க வேல செய்யாதாம், ராஜி சொன்னா. செல்வி என் கிட்ட வந்து அந்தப் போன என் காதுல வெச்சிது. "கேளு ஆயா"ன்னுது.

"ஒண்ணும் கேக்கலயேம்மா."

"அதான் ஆயா! ஒண்ணுமே கேக்கல!"

அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கணும். அவரு பின்னாலேருந்து ஒரு ஐஸ் உருண்டைய அது முதுவுல போட்டாரு. அது கத்திக்கினே தொரத்துது, இவரு ஓடுறாரு, வுழுவுறாரு, எழுந்து ஓடுறாரு. பேரப்புள்ளைங்கள எடுத்தவங்க!

கீழ எறங்குறப்ப கண்ண மூடல. ஆனா கம்பியையும் பாக்கல. வழி பூரா நேராவே பாத்துக்கினு வந்தாரு.

ஊருக்கு வந்தவுடனே, "இனிமே நம்ம ஜாயிண்ட்டும் அப்படித்தான் இருக்கணும் ஆயா"ன்னு ப்ளாக்கு பூரா புதுசா முடிச்சு போட்டாரு, டேப்பு சுத்துனாரு. ஆஹா ஓஹோன்னோம். ஒரு மழ வந்துது. ப்ளாக்கு பூரா படம் போச்சி. என்னா பண்றது, அது அவரு கைராசி.

இப்ப எங்க இருப்பாருன்னு கேக்கறியா? பின்னால தெருவுல கையி காலு வெளங்காத பெரியவரு ஒருத்தரு தனியா கெடக்காரு, புள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல. அவரு வூட்டுலயும் காத்தால படம் போச்சின்னு செல்வி சொல்லுச்சி. ஒரு பத்து நிமிஷம்னு அங்க ஒக்காந்திருப்பாரு. அப்பறம் எப்படி உன் வூட்டுக்கு வரது? வருவாரு, வருவாரு. வந்தா உடனே அனுப்பிடாத, ஒரு டீ போட்டுக் குடு. மாடியில ரெண்டு செடி வையி, உன்னைய அடையாளம் தெரியட்டும்.

ஐயோ, கொழாயில சத்தம்! தண்ணி வந்துடுச்சி பாரு! எழுந்துரு, எழுந்துரு, அந்தக் கொடத்த எடு, அந்த அண்டாவயும் இழுத்துக்கினு வா. கீரை அப்படியே இருக்கட்டும். ஆங், வசந்தா, போற வழியில செல்வி கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. ஆயா வூட்டுலயும் படம் வரலன்னு.

ஆமா, எங்க வூட்டு டிவி ஓடுது, ஓடுது, நல்லாத்தான் ஓடுது. உள்ள சத்தம் எனக்கும் கேக்குது. படம் ஓடுற வூட்டுக்கு அவரு வர மாட்டாரேம்மா. நீ சொல்லு, நான் கொடத்த வெக்கிறேன்.